இலத்தீன் இலக்கியத்திற் கொள்ளைநோய்

நம் நாட்டுக் கல்லூரிகள் சிலவற்றில் இலத்தீன் மொழியும் ஒரு பாடமாய்ப் பயிலப்பெற்ற காலம் ஒன்று இருந்தது. வேர்ஜில் என்றதும் அக்காலத்து மாணவர் நினைவிற் கொள்வது ஈனியசின் கடற்செலவையே. அப்பெரும் புலவர் அக்காவியத்துக்கு முன்னரே உழவைப் பொருளாகக் கொண்டு நான்கு பாகங்களில் ஒரு நூல் இயற்றினார் என்பதும், அதன் மூன்றாம் பாகம் கால்நடைக் கொள்ளைநோயோடு முடிகின்றது என்பதும் பலரும் கருதாதவை. இலத்தீன் கல்லாத யான் அந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே கற்றேன். விலங்கின் நோயும் மனிதனின் நோயும் இருவேறு உலகத்தன அல்ல என்பதை உரோமப் புலவர் அன்றே உணர்ந்திருந்தமை என் உள்ளத்தை ஈர்த்தது.

வேர்ஜிலுக்கு இத்துறையில் வழிகாட்டியவர் லுக்கிரீசியஸ். கி.மு. முதலாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த இவர், இயற்கையின் தன்மையை ஆறு பாகங்களில் ஆராய்ந்து, ஈற்றிலே கி.மு. 430 இல் அதென்ஸ் நகரை வருத்திய கொள்ளைநோயைப் பாடினார். செய்திகள் பெரும்பாலும் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடைடிஸ் தந்தவை. அவரோ அந்நோயிற் கிடந்து பிழைத்தவர். தெருக்களில் நாய்கள் மாள்கின்றன. பிறர் அடுக்கிய ஈமவிறகின்மேல் தம்மவர் உடலை இட்டு மக்கள் மல்லாடுகின்றனர். நோய் விளைவது தெய்வத்தின் சினத்தால் அன்று, காற்றிலும் நிலத்திலுமிருந்து எழும் நுண்ணிய வித்துக்களாலேயே என்பது லுக்கிரீசியசின் துணிபு. பின்வந்த ஓவிட், ஈஜைனாத் தீவின் கொள்ளைநோயை யூனோ தேவியின் சினத்தால் வந்ததாகப் பாடியமை பழைய கதை மரபுக்கே திரும்பியதாகும்.

வேர்ஜிலின் உழவு நூல் கி.மு. 29 அளவில் நிறைவெய்தியது. கொள்ளைநோய்க்கு முன்னர் அவர் ஆட்டின் நோயைக் கூறுகின்றார். அடிக்கடி நிழலை நாடுவது, புல்லின் நுனியை மாத்திரம் சோம்பலாய்க் கறிப்பது, மந்தையின் கடைசியில் நடப்பது, மேய்ச்சலின் நடுவே படுத்துவிடுவது, இருட்டிய பின் தனியே திரும்புவது ஆகிய குறிகள் கண்டால், நோய் மந்தையிற் பரவுமுன் அவ்வாட்டை வெட்டிவிடுக என்கின்றார். ஏட்டைப் பார்த்து எழுதியதாகவா இது தோன்றுகின்றது? ஆட்டிடையனின் கண்ணன்றோ இவ்வரிகளில் விழித்திருக்கின்றது!

அடுத்து வருவது நோரிக்க நாட்டு அழிவு. நோரிக்கம் அல்ப்ஸ் மலைப்புறத்தது. இன்றைய ஒஸ்திரியாவின் பெரும்பகுதி அதில் அடங்கும். இலையுதிர்காலத்து வெம்மையில் வானங் கெட்டு நோய் பிறந்தது. பலிபீடத்தண்டை நின்ற விலங்கு பூசகன் வெட்டுமுன்னரே சாய்ந்தது. செழித்த புல்லிடையே கன்றுகள் மாண்டன. நாய்க்கு வெறி பிடித்தது. பன்றி தொண்டை வீங்கி இருமியது. பந்தயத்தில் வென்ற குதிரை நீரை வெறுத்து நிலத்தை உதைத்தது. ஏரிழுத்த எருது நுரையுங் குருதியுங் கக்கி வீழ, துயருற்று நின்ற அதன் இணையை உழவன் நுகத்தினின்றும் அவிழ்த்துக்கொண்டு, கலப்பையைப் பாதியுழவில் விட்டுச் செல்கின்றான். மதுவும் பெருவிருந்தும் அறியாது, புல்லும் ஊற்றுநீருமே கொண்டு உழைத்த உயிருக்கு அவ்வுழைப்பால் வந்த பயன் யாதெனப் புலவர் வினவுகின்றார். விடை கூறினாரல்லர். மாட்டை நம்பி வாழ்ந்த ஊர்களிற் பிறந்தோர்க்கு இவ்விடத்திற்கு உரை வேண்டா.

எருதுகள் அழிந்தபின் மக்கள் நகத்தாலும் நிலத்தைக் கிளறினர்; தம் கழுத்தையே கொடுத்து வண்டி இழுத்தனர். பிணங்களைக் குழியிற் புதைக்கக் கற்றனர். தோலும் இறைச்சியும் உரோமமும் எதற்கும் உதவவில்லை. அவ்வுரோமத்தால் நெய்த ஆடையை உடுத்தவனுக்கோ எரியும் கொப்புளங்களும் நாறும் வியர்வையும் தோன்ற, 'புனித நெருப்பு' எனப்பட்ட நோய் அவன் உறுப்புக்களைத் தின்றது. பாகம் அவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றது.

இக்கொப்புளத்தைக் கொண்டு, நோரிக்க நோய் அந்திராக்ஸ் எனும் அடைப்பான்நோயே என்பர் ஒருசாரார். நோயுற்ற விலங்கின் தோலாலும் உரோமத்தாலும் அது மனிதரைப் பற்றும் என்பது உண்மையே. மற்றொருசாரார் ரிண்டர்பெஸ்ட் எனும் மாட்டுக் கொள்ளைநோயைச் சுட்டுவர். எனினும் இப்பாட்டிலே கடல்வாழ் உயிரும் பாம்பும் பறவையுங்கூட மாள்கின்றன. இத்தனையையும் ஒருங்கே கொல்லும் நோய் ஒன்றைத் தேடுதல் வீண். புலவர் பல நோய்களின் குறிகளை ஒரு படமாக்கினார் எனக் கொள்வதே பொருத்தம்.

உரைநடை நூல்களில் வார்ரோவின் கூற்று பெரிதும் பேசப்படுவது. கி.மு. 37 இல், தமது எண்பதாம் வயதிலே, பண்ணைத்தொழில் பற்றி எழுதிய அவர், சதுப்பு நிலத்தருகே வீடு அமைத்தலாகாது என்கின்றார். கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்கள் ஆங்குப் பிறந்து, வாயாலும் மூக்காலும் உடலுட் புகுந்து கொடிய நோய் விளைக்குமாம். கிருமிக் கொள்கையை உரோமர் அன்றே கண்டனர் எனச் சிலர் ஆரவாரிப்பதை யான் ஏற்கேன். வார்ரோவிடம் நுண்காட்டியும் இல்லை, சோதனையும் இல்லை. ஜெர்மானிய மருத்துவர் கொஹ் அந்திராக்ஸ் கிருமியின் வாழ்க்கை வட்டத்தை மெய்ப்பித்தது 1876 இல். ஊகம் வேறு, நிறுவல் வேறு.

கி.பி. முதலாம் நூற்றாண்டினரான கொலுமெல்லாவிடம் ஊகத்தினும் செயலே மிகுதி. கொள்ளைநோய் வரின் மந்தையைப் பல பகுதிகளாக்கித் தொலைவிடங்களுக்கு ஓட்டுக, நோயுற்றவற்றை நலமுற்றவற்றினின்றும் பிரித்து வைக்க என்பது அவர் விதி. இம்முறையோடு தடுப்பூசியும் சேர்ந்தே ரிண்டர்பெஸ்டை வென்றது. அந்நோய் உலகினின்றும் ஒழிந்ததென 2011 இல் அறிவிக்கப்பெற்றது. அந்திராக்ஸ் அவ்வாறு ஒழியவில்லை. அதன் வித்துக்கள் மண்ணிற் பல பத்தாண்டுகள் கெடாது கிடந்து, மேயவரும் மாட்டைப் பற்றவல்லன.