மாத்திரையால் வரும் காய்ச்சல்

தடுப்பூசி போட்டுக்கொண்ட அன்று இரவு உங்களுக்குக் காய்ச்சல் வந்ததுண்டா? நோயை எதிர்க்க உடல் பழகுவதன் அடையாளம் அது. யானைக்கால் நோய்க்கு ஊசி கிடையாது, மாத்திரைதான். அதை விழுங்கினாலும் சிலருக்குக் காய்ச்சல் வருகிறது. ஆனால் காரணம் வேறு.

ஒரு காலத்தில் கும்பகோணத்தின் பெயரோடு சேர்த்தே பேசப்பட்ட நோய் இது. இதை உண்டாக்குவது உச்சரீரியா என்னும் நூல் போன்ற புழு. நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் குடியிருந்து, லட்சக்கணக்கில் நுண்புழுக்களை ஈனும். இந்த நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் பதுங்கியிருக்கும். இரவு 10 மணிக்கு மேல் தோலருகே வரும். கியூலெக்ஸ் கொசு கடிக்கும் வேளையும் அதுதான்! சுகாதாரப் பணியாளர்கள் இரவில் வந்து கதவைத் தட்டி, விரல் நுனியில் இரத்தம் எடுத்தது இதனால்தான். (வயல் நீரைப் பழிக்காதீர்கள். இந்தக் கொசு விரும்புவது சாக்கடையை.)

2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் டி.இ.சி. மாத்திரை தரும் திட்டம் நாடு தழுவி நடைபெற்றது. கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கடும் நோயாளிகளுக்கும் தருவதில்லை. விழுங்கியதும் நுண்புழுக்கள் மடிகின்றன. மடிந்த புழுக்களின் பொருள்கள் இரத்தத்தில் கலக்க, காய்ச்சலும் தலைவலியும் வாந்தியும் வரலாம். புழு அதிகமிருந்தால் தொல்லையும் அதிகம்; புழு இல்லாதவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "நன்றாக இருந்தவனை மாத்திரை படுக்கவைத்துவிட்டதே" என்று அஞ்சி அதைத் தூக்கி எறிபவர், தம் உடலில் புழு இருக்கலாம் என்பதைக் காய்ச்சலே சொல்லியும் கவனிக்கத் தவறுகிறார்.

சரி, கால் ஏற்கெனவே வீங்கிவிட்டவர் என்ன செய்வார்? பழைய வீக்கத்தை மாத்திரை வற்றவைக்காது. அவரை வாட்டுவது, அடிக்கடி நெறி கட்டி, கால் சிவந்து வரும் குளிர்காய்ச்சல். இதைக் கொண்டுவருவது புழு அல்ல, பாக்டீரியா. நுழைவாயில் எது தெரியுமா? விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்! நாள் முழுதும் சேற்றில் நின்று நாற்று நடுபவருக்கு அது புதிதா என்ன? ஒவ்வொரு காய்ச்சலும் நிணநீர்க் குழாய்களை மேலும் கெடுக்க, வீக்கம் பெருக்கும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, புண்ணுக்கு மருந்திட்டு, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தால் காய்ச்சல் வருவது குறையும்.

குறைந்ததா என்று எப்படி அறிவது? ஒரு நோட்டுப் புத்தகமும் தையல்காரர் டேப்பும் போதும். உங்கள் வீட்டில் அத்தகைய பெரியவர் இருந்தால் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். காய்ச்சல் வந்த தேதி, நீடித்த நாள்கள், அப்போது விரலிடுக்கில் புண் இருந்ததா என்பவற்றைக் குறியுங்கள். மாதமொரு முறை கணுக்காலுக்கு மேல் ஒரே இடத்தில் சுற்றளவு எடுங்கள். காலையில் எழுந்ததும் எடுக்கவேண்டும். மாலைக்குள் கால் இன்னும் வீங்கிவிடும்.

மாத்திரை விழுங்கிய தேதியையும் அதிலேயே எழுதுங்கள். மாத்திரைக் காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். கால் சிவந்து, தொட்டால் சுட்டு, வலியும் சேர்ந்தால் அது பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். நோட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.