யுத்தகளமும் புகைப்படமும்

உச்சிப்பிள்ளையார் கோயில் முகப்பில் நின்று வடதிசை நோக்குவோருக்குக் காவேரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தோன்றும். 1858-ம் வருஷத்தில் இவ்விரு ஸ்தலங்களின் படங்களும் தனித்தனிப் புஸ்தகங்களாக வெளியாயின. எடுத்தவர் காப்டன் லின்னேயஸ் டிரைப். சென்னைப் பட்டாளத்து உத்தியோகஸ்தர், ராஜதானி சர்க்காரின் சம்பளம் பெற்ற புகைப்படக்காரர். 1987-ல் பூர்த்தியான ராஜகோபுரம் அந்நாளில் மொட்டையாக நின்றது. மலையும் மண்டபமும் அப்படங்களில் வெகு அழகாக அமைந்துள்ளன. வடநாடு தீப்பற்றி எரிந்த காலம் அது என்பதற்கு மட்டும் அவற்றில் யாதொரு அடையாளமும் இல்லை.

அதே 1858-ல் பெலிஸ் பீட்டோ என்பவர் ஆங்கிலப் படையை அடுத்து லக்னௌ நகரம் புகுந்தார். அங்கே சிக்கந்தர் பாக் என்னும் தோட்டத்தில், முந்திய நவம்பரில், சுமார் 2,000 இந்தியச் சிப்பாய்கள் மடிந்திருந்தனர். பீட்டோவின் படத்தில் இடிந்த மாளிகையும் அதன் முற்றத்தில் சிதறிய எலும்புகளும் காண்கின்றன. மூடப்பட்டிருந்த சடலங்களைப் படத்திற்காகவே திறக்கச் செய்தார் என்று ஆங்கில அதிகாரி ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். வென்றவனுக்கு அது வெற்றிச் சின்னம். நமக்கோ, அச்சிப்பாய்கள் இருந்தார்கள், இறந்தார்கள் என்பதற்கு ருஜு. எடுத்தவன் கருதியது ஒன்று, படம் சொல்வது மற்றொன்று!

நியாயஸ்தலத்தில் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. ஒரு கட்சியார் அழைத்துவந்த சாட்சி என்பதற்காக எந்த நீதிபதியும் சாட்சியத்தைத் தள்ளிவிடுவதில்லை; யார் அழைத்தார் என்பதைக் குறித்துக்கொண்டே கேட்பார். 2003-ல் ஈராக் மீது அமெரிக்கா படையெடுத்தபோது, நூற்றுக்கணக்கான பத்திரிகையாளர் நிபந்தனைகளில் கையெழுத்திட்டுப் பட்டாளங்களோடு பிரயாணம் செய்தனர். டாங்கியின் மேலிருந்து பார்த்தவருக்குக் குண்டு புறப்படுவது தெரிந்தது. அது விழுந்த வீடு தெரிந்தது அபூர்வம்.

ஆனால் பட்டாளத்தோடு சென்றவரெல்லாம் பட்டாளத்தின் ஆள் என்று கூறுவோமாயின் பெரும் அநீதி செய்தவராவோம். டில்லியைச் சேர்ந்த டானிஷ் சித்திகி, ராய்ட்டர் ஸ்தாபனத்தின் புகைப்படக்காரர், 2021 ஜூலை 16-ல் ஆப்கானிஸ்தானத்தின் ஸ்பின் போல்டாக்கில், அந்நாட்டு விசேஷப் படையுடன் இருக்கையில் கொல்லப்பட்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, கொரோனா மாண்டோருக்கு டில்லியில் மூட்டிய சிதைகளை நமக்குக் காட்டியவரும் அவரே. அப்படங்கள் ஆளுவோர் பலருக்குக் கசந்தன. ராணுவ வண்டியில் ஏறியதனால் அவருடைய கண் விலைபோய்விடவில்லை.

ஆகவே பத்திரிகைகளிடம் நாம் கோருவது ஒன்றே. யுத்தப் படத்தின் அடியில் எடுத்தவர் பெயரை அச்சிடுகிறோம். எந்தப் படையுடன் சென்று, யார் அனுமதி பெற்று, எந்த நிபந்தனைக்கு உட்பட்டு எடுத்தார் என்பதையும் அதனருகே ஒரு வரியில் அச்சிடுவோம். அதற்கு இடமில்லை என்று சகபத்திரிகைகள் சொல்லக்கூடும். சோப்பு விளம்பரத்திற்கு இடம் கிடைக்கிறதன்றோ?