மோடம் ஏன் பேச மறுத்தது?

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது விஎஸ்என்எல். அதன்பின் பல ஆண்டுகள் நம்மவர் வீடுகளுக்கு இணையம் வந்தது தொலைபேசிக் கம்பி வழியாகத்தான். மறையூருக்கு மேலே, பூண்டும் ஆப்பிளும் விளையும் காந்தலூரிலும் நான் கேட்டது அதே 'கீ...கர்ர்' சத்தம்தான்.

கணினிக்குத் தெரிந்தது 0, 1. அன்றைய தொலைபேசிக் கம்பிக்குத் தெரிந்தது குரல். நடுவே நின்று மொழிபெயர்ப்பது மோடம். தனிப்பெட்டியாக வந்த சீரியல் மோடம் இவ்வேலையைத் தானே முடித்துவிடும். லினக்ஸில் அதற்குச் சிக்கலே இல்லை. விண்டோஸ் 'காம்1' எனும் வாயில் இங்கே 'டிடிஒய்எஸ்0'. டபிள்யூவி-டயல் நிரலுக்கு எண், பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்தால் போதும், இணைப்பு வந்துவிடும்.

தொல்லை கொடுத்தவை கணினிக்குள்ளேயே பொருத்தி வந்த மலிவான வின்மோடங்கள். விலையைக் குறைக்க, மோடத்தின் வேலையில் பெரும்பகுதியைக் கணினிச் செயலியின் தலையில் கட்டிவிட்டார்கள். அதைச் செய்விக்கும் டிரைவர் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டுமே; உள்விவரமோ ரகசியம். ஆக, மோடமும் பழுதில்லை, லினக்ஸும் பழுதில்லை. லூசென்ட் சில்லுகள் சிலவற்றுக்கு 'எல்டிமோடம்' டிரைவர் கிடைத்ததும் அவை பேசின. கிடைக்காதவை மூலையில் கிடந்தன. காசு கொடுத்தது நாம், சாவி இருந்தது அவர்களிடம்!

டயல்-அப் காலம் போனாலும் இந்தப் பாடம் போகவில்லை. கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் இன்று படிப்பது லினக்ஸில்தான். அவர்களுக்காக ஊருக்குக் கணினியோ பிரிண்டரோ வைஃபை அட்டையோ அனுப்பும் அன்பர்களே, "லினக்ஸ் டிரைவர் இருக்கா?" என்று முதலில் கேட்டுட்டு வாங்குங்க.