உங்களுக்குத் தெரியுமா? சுபாங் ஓடுபாதையும் விமானி வேலையும்

சுங்கை வே பிரீ டிரேட் சோனில் இரவு ஷிப்ட் பார்த்து ஓய்ந்த அம்மா அப்பாக்களின் பிள்ளைகள் இன்று விமானி ஆக வேண்டும் என்கிறார்கள். கேட்கவே நெஞ்சு நிறைகிறது. ஆனால் லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் கடினமான கேள்வி வருகிறது. "சின்ன கம்பெனி ஒண்ணு ஆள் எடுக்குது அண்ணே. இதுவரைக்கும் புரொப்பெல்லர் விமானம்தான் ஓட்டுனாங்க. இனிமே ஜெட் வாங்கப் போறாங்களாம். சேரலாமா?" இந்த வாரத் துணுக்குகள் எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்காக.

● நமக்குப் பக்கத்தில் இருக்கும் சுபாங் விமான நிலையம் 1965 ஆகஸ்ட் 30-இல் திறக்கப்பட்டது. ஓடுபாதை 3.7 கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1998 ஜூனில் புதிய விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ. வந்ததும் பெரிய விமானங்கள் அங்கே போய்விட்டன. பிறகு பல ஆண்டுகள் பயணிகள் சேவையில் புரொப்பெல்லர் விமானங்களுக்கு மட்டுமே சுபாங்கில் அனுமதி இருந்தது. 2024 ஆகஸ்டில்தான் ஜெட் பயணிகள் சேவை திரும்பியது. ஏர் ஏசியாவும் அந்த மாதமே சுபாங்குக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கிளம்பிவிட்டது. ஒரு விமான நிறுவனம் எந்த ரக விமானம் ஓட்டும் என்பதை அதன் முதலாளி மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த ஓடுபாதையில் எதை இறக்கலாம் என்று அரசு சொல்வதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

● ஃபயர்ஃபிளை விமான நிறுவனம் எத்தனை முறை வழி மாற்றியது தெரியுமா? 2007 ஏப்ரலில் பினாங்கிலிருந்து ஃபோக்கர் 50 விமானங்களுடன் தொடங்கியது. அந்த ஆண்டே சுபாங்குக்கும் வந்தது. 2008-இல் ஏ.டி.ஆர். 72-500 புரொப்பெல்லர் விமானம் வந்தது. சின்ன ஊர்களுக்குச் சின்ன விமானம் என்ற கணக்கு நன்றாகவே ஓடியது. 2011 ஜனவரியில் கே.எல்.ஐ.ஏ.விலிருந்து போயிங் 737 ஜெட்டுகளை சபா, சரவாக் பக்கம் பறக்கவிட்டது. குறைந்த கட்டண ஜெட் நிறுவனமாகப் பெரிதாக வளரும் திட்டம் அது. அப்போது சேர்ந்த இளம் விமானி, ஐந்தாண்டில் 737 கேப்டன் ஆகலாம் என்று கனவு கண்டிருந்தால் தவறே இல்லை.

ஆனால் 2011 ஆகஸ்டில் தாய் நிறுவனமான மலேசியா ஏர்லைன்ஸின் பெரும் பங்குதாரரும் ஏர் ஏசியாவின் பெரும் பங்குதாரரும் பங்குகளை மாற்றிக்கொண்டனர். மலிவுக் கட்டணப் போட்டி வேண்டாம் என்று முடிவானது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஃபயர்ஃபிளையின் ஜெட் சேவை நிறுத்தப்பட்டது. 2012 மே மாதம் அந்தப் பங்கு மாற்றமே ரத்தானது. ஆனால் நின்ற ஜெட் திரும்பவில்லை. ஃபயர்ஃபிளை பெயரில் மீண்டும் 737 பறக்க 2022 ஆனது, அதுவும் பினாங்கிலிருந்து. சுபாங்கில் அதன் ஜெட் ஏறியது 2024-இல். நேர்முகத் தேர்வில் காட்டிய திட்டம் ஏறத்தாழ பதினொரு ஆண்டு தள்ளிப்போன கதை இது. அந்தக் கம்பெனி இன்றும் பறக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னால் ஒரு பெரிய குழுமம் இருந்தது. இப்படிப் பின்பலம் இல்லாத சின்ன நிறுவனம் ஒரே திருப்பத்தில் கவிழ்ந்துவிடும்.

● அதே ஃபயர்ஃபிளைக்கு 2018 டிசம்பரில் சிங்கப்பூர் சேவையையே நிறுத்த நேர்ந்தது. புரொப்பெல்லர் விமானங்கள் சாங்கி விமான நிலையத்திலிருந்து செலேத்தார் விமான நிலையத்துக்கு மாற வேண்டும் என்பது சிங்கப்பூரின் முடிவு. செலேத்தாரில் இறங்கும் முறை பற்றி இரு நாடுகளுக்கும் இடையே தகராறு எழுந்தது. சேவை திரும்பியது 2019 ஏப்ரலில். சம்பளத்தின் பெரும்பகுதி பறக்கும் மணிக்கான அலவன்ஸாக வரும் இடத்தில், ஒரு பெரிய தடம் நின்றால் அடி நேராக விமானியின் வீட்டுத் தவணையில்தான் விழும். எனவே "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கும்போதே, "பறக்காத மாதத்தில் எவ்வளவு?" என்றும் கேட்டுவிடுங்கள்.

● சுபாங்கில் ஏ.டி.ஆர். விமானத்தில் ஏறும்போது கவனித்திருக்கிறீர்களா? பயணிகள் ஏறும் கதவு வால் பக்கம், இடது கைப்பக்கம் இருக்கும். பெட்டிகள் முன்னால், காக்பிட்டுக்குப் பின்னால் ஏறும். வலது பக்க எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும், ஆனால் அதன் புரொப்பெல்லர் அசையாமல் நிற்கும். விமானிகள் இதை ஹோட்டல் மோட் என்பார்கள். ஜெட் விமானங்களில் தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் தர வாலில் தனியாக ஒரு சின்ன எஞ்சின் உண்டு. ஏ.டி.ஆரில் அது இல்லை. எடையும் செலவும் மிச்சம். அதனால் புரொப்பெல்லருக்குப் பிரேக் போட்டுவிட்டு, வலது எஞ்சினையே அந்த வேலைக்கு ஓட்டுகிறார்கள். செலவை இப்படிப் பார்த்துப் பார்த்துக் குறைத்த விமானம் இது. குறைந்த பயணிகளோடு குறுகிய தூரம் பறந்தாலும் கட்டுபடியாவது அதனால்தான். ஜெட்டுக்கு மாறும் நிறுவனம் இந்தக் கணக்கையே கைவிடுகிறது. எழுபது சீட் நிரப்பியவர்கள் அதன்பின் ஒவ்வொரு முறையும் நூற்றெண்பதுக்கு நெருக்கமாக நிரப்ப வேண்டும்.

● வெளிநாட்டு விமானி வேலை விளம்பரங்களில் மணிக்கணக்கோடு விமான எடையின் டன் கணக்கும் இருக்கும். "20 டன்னுக்கு மேல்", "50 டன்னுக்கு மேல் ஜெட்" என்பார்கள். சுற்றுலாத் தீவுகளுக்குப் பறக்கும் டுவின் ஆட்டர் மொத்தமே 5.7 டன்தான். ஏ.டி.ஆர். 72 சுமார் 23 டன். போயிங் 737-800 79 டன். ஆயிரம் மணி நேரம் பறந்தேன் என்பது பாதி விடைதான். எதில் பறந்தீர்கள் என்பது மீதி.

அதற்காக ஏ.டி.ஆர். மணிகளை மட்டமாக நினைக்க வேண்டாம். ஒரு மணி நேரத் தடங்களில் ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்கும் துணை விமானி, புயல் மழையிலும் குறுக்குக் காற்றிலும் கற்றுக்கொள்வது அதிகம். நீண்ட தூர விமானத்தில் அந்த அனுபவம் அவ்வளவு சீக்கிரம் வராது. புதிதாக லைசென்ஸ் எடுத்தவருக்கு முதல் வேலையாக இது அருமையானது என்பதே என் உறுதியான எண்ணம்.

● டைப் ரேட்டிங் என்பது ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டத் தகுதி. ஏ.டி.ஆர். 42, 72 இரண்டுக்கும் ஒரே ரேட்டிங். 737-800 ஓட்டுபவர் கொஞ்சம் கூடுதல் பயிற்சியோடு 737 மேக்ஸுக்குப் போய்விடலாம். ஆனால் டுவின் ஆட்டரிலிருந்து ஜெட்டுக்குப் போக எல்லாம் முதலிலிருந்து. அந்தப் பயிற்சிச் செலவைக் கம்பெனி போட்டால் பாண்டு எழுதி வாங்குவார்கள். இத்தனை ஆண்டுக்குள் விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். கையெழுத்துக்கு முன் ஒரு வரியைத் தேடுங்கள். விமானம் வராமல் போனால், அல்லது கம்பெனியே நின்றுபோனால், பாண்டு என்னவாகும்? அந்த வரி இல்லையென்றால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

● 2005 அக்டோபரில் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கிய பாரமவுன்ட் ஏர்வேஸை நினைவிருக்கிறதா? மதுரைத் தொழிலதிபர் தியாகராஜன் தொடங்கியது. எல்லாமே பிசினஸ் கிளாஸ் இருக்கைகள், எம்பிரேயர் 170, 175 ஜெட்டுகள். 2010-இல் விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்களோடு ஏற்பட்ட வழக்கில் விமானங்கள் போயின, சேவையும் நின்றது. அன்று இந்தியாவில் அந்த ரகத்தை வேறு எந்தப் பயணிகள் நிறுவனமும் வைத்திருக்கவில்லை. ரேட்டிங் கையில் இருந்தும் உள்ளூரில் அதற்கு வேலை இல்லை.

சுபாங்கிலிருந்து டுவின் ஆட்டர் ஓட்டிய எஸ்.கே.எஸ். ஏர்வேஸ், 2023-இல் எம்பிரேயர் இ195-இ2 ஜெட்டுகள் 10 எடுக்கப் போவதாக அறிவித்தபோது எனக்கு பாரமவுன்ட்தான் மனதில் வந்தது. நல்ல விமானம், சந்தேகமில்லை. ஆனால் மலேசியாவின் மற்ற நிறுவனங்கள் குறுகிய தூரத்துக்குப் பெரும்பாலும் நம்பியிருப்பது ஏ320, 737, ஏ.டி.ஆர். ரகங்களைத்தான். அபூர்வ ரகத்தில் ரேட்டிங் எடுப்பவர், வேலை போனால் வெளிநாடு போகத் தயாராக இருக்க வேண்டும்.

● ஒரு குறுகிய தூர விமானத்துக்குச் சுமார் ஐந்து ஜோடி விமானிகள் தேவைப்படும். ஐந்து விமானம் வருகிறது என்றால் ஐம்பது வேலை. அந்த ஐந்தும் வராவிட்டால், முன்கூட்டியே எடுத்த ஐம்பது பேரும் தரையில் நிற்பார்கள். இன்னொன்று, புரொப்பெல்லரிலிருந்து ஜெட்டுக்கு மாறும் நிறுவனம் முதலில் தேடுவது அந்த ஜெட்டில் ஏற்கெனவே கேப்டனாக இருந்தவர்களை. வெளியிலிருந்து அவர்களைக் கொண்டுவந்துதான் தொடங்க முடியும். கம்பெனி வளர்கிறது என்பதாலேயே உங்கள் பதவி உயர்வு பக்கத்தில் வந்துவிடாது.

● 2015 மார்ச்சில் லங்காவி விமானக் கண்காட்சியில் ஃபிளைமோஜோ என்ற புதிய மலேசிய நிறுவனம், பொம்பார்டியே நிறுவனத்தின் 40 ஜெட்டுகள் வரை வாங்க விருப்பக் கடிதம் கையெழுத்திட்டது. ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை.

● நம்மவர்கள் தொடங்கிய விமான நிறுவனமும் ஒன்று உண்டு. ரவி அழகேந்திரன், கார்த்தியாயினி கோவிந்தன் தம்பதியினரின் பெயர்களைச் சேர்த்து உருவானது ரயானி ஏர். இஸ்லாமிய முறைப்படி நடக்கும் சேவை என்று 2015 டிசம்பரில் லங்காவியைத் தளமாகக் கொண்டு, இரண்டு 737-400 விமானங்களோடு பறந்தது. 2016 ஏப்ரலில் விமானிகள் வேலைநிறுத்தம் செய்ய, சேவை நின்றது. ஜூனில் உரிமம் ரத்து. ஆறு மாதம்தான். இரண்டே விமானம் உள்ள நிறுவனத்தில் ஒன்று பழுதானால் பாதிக் கம்பெனி நின்றுவிடும். புதுமையான யோசனை மட்டும் அதைக் காப்பாற்றாது, பண இருப்பு வேண்டும்.

● அதற்கு நேர்மாறாக, ஏர் ஏசியாவும் ஒரு காலத்தில் இரண்டு விமானக் கம்பெனிதான். 2001-இல் டோனி பெர்னாண்டஸ் குழுவினர் அதை 1 ரிங்கிட்டுக்கு வாங்கினார்கள். கூடவே 4 கோடி ரிங்கிட் கடனும் வந்தது. வழக்கமான சேவையை மலிவுக் கட்டண முறைக்கு மாற்றினார்கள். 2005 முதல் 737-லிருந்து ஏ320-க்கு மாறினார்கள். மாற்றம் என்றாலே பயம் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அங்கே ஜெயித்த காரணங்களில் ஒன்று எளிமை. ஒரே ரக விமானம், குறுகிய தூரம், நிறைந்த இருக்கைகள். ஒரே நேரத்தில் தீவுச் சுற்றுலா, சரக்கு, வெளிநாட்டு ஜெட் என்று மூன்று திட்டம் சொல்லும் சின்ன நிறுவனத்திடம் இன்னும் நிறையக் கேள்வி கேட்க வேண்டியிருக்கும்.

● மைஏர்லைன் 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கி, 2023 அக்டோபர் 12-ஆம் நாள் சேவையை நிறுத்தியது. ஓராண்டு நிறையவில்லை. அங்கே இருந்தவை ஏ320 விமானங்கள். ஏ320 ரேட்டிங் என்பது உலகில் பெரும்பாலான நாடுகளில் கேட்கப்படுவது. கம்பெனி போனாலும் அந்த ரேட்டிங் விமானியிடமே இருந்தது.

● ஆனால் கையில் இருக்கும் தகுதியும் தூங்கினால் தேயும். கடந்த 90 நாளில் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருந்தால்தான் பயணிகளோடு பறக்கலாம். இல்லையென்றால் சிமுலேட்டரில் மீண்டும் நிரூபிக்க வேண்டும். சம்பளம் இல்லாமல் "அடுத்த மாசம் சரியாகிடும்" என்று காத்திருப்பவர் பணத்தோடு இதையும் இழக்கிறார்.

● விமானக் கேப்டனுக்குத் தேவையான ஏ.டி.பி.எல். லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் வேண்டும், வயது 21 ஆகியிருக்க வேண்டும். பயிற்சியில் சுமார் 200 மணியோடு வெளியே வரும் ஒருவருக்கு ஆண்டுக்கு 700 மணி கிடைத்தால் ஏறத்தாழ இரண்டு ஆண்டில் எட்டலாம். 300 மணிதான் கிடைக்கிறது என்றால் நான்கு ஆண்டுக்கு மேல். சம்பளத்தில் ஐந்நூறு வெள்ளி கூடக் கொடுக்கும் இடத்தைவிட, ரோஸ்டர் நிறைந்திருக்கும் இடமே இளைஞனுக்கு நல்லது. ஏற்கெனவே அங்கே இருக்கும் துணை விமானி ஒருவரிடம் போன மாதம் எத்தனை மணி பறந்தார் என்று கேளுங்கள். அலுவலகத்தில் காட்டும் படக்காட்சியைவிட அந்த ஒரு எண் அதிகம் சொல்லும்.

● சொந்தமாக டிக்கெட் விற்காமல், விமானத்தையும் விமானிகளையும் சேர்த்தே வேறு நிறுவனத்துக்கு வாடகைக்கு விடும் தொழிலும் உண்டு. பயணிகள் சேவை கைகொடுக்காத சின்ன நிறுவனங்கள் பல இதற்கு மாறுகின்றன. மணிகள் நன்றாகச் சேரும். ஆனால் வேலை ஹஜ் காலத்தில் ஓர் ஊரிலும், மழைக்காலத்தில் வேறு நாட்டிலும் இருக்கும். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் வீட்டில் பேசிவிட்டுச் சேரவும்.

● சரவாக் அரசு மாஸ்விங்ஸை வாங்க 2025 பிப்ரவரியில் ஒப்பந்தம் செய்தது. உட்பகுதிக் கிராமங்களுக்கு ஏ.டி.ஆரும் டுவின் ஆட்டரும் ஓட்டிய நிறுவனம் அது, புதிய பெயர் ஏர்போர்னியோ. தீபகற்பத்து இளைஞர்கள் பலர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பார்க்கலாம். அரசு மானியத்தில் ஓடும் கிராமத் தடங்கள், விடுமுறைக் கூட்டத்தை மட்டும் நம்பியிருப்பதில்லை.

● இன்னும் எஸ்.பி.எம். முடிக்காத தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மலாக்காவிலோ லங்காவியிலோ உள்ள பயிற்சிப் பள்ளிக்குச் சில லட்சம் வெள்ளி கட்டுவதற்கு முன், முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். நிறப்பார்வைக் குறை அங்கேதான் தெரியவரும். வீட்டின் மேல் கடன் வாங்கிப் பாதிக் கட்டணம் கட்டிய பிறகு அது தெரியக் கூடாது.

● ஊழியர் சேமநிதிப் பணத்தை முதலாளி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பணச் சிக்கலில் இருக்கும் கம்பெனியில் சம்பளத்துக்கு முன்பே தவறுவது பெரும்பாலும் இதுதான். விமானியாக இருந்தாலும் மாதம் ஒரு முறை உங்கள் சேமநிதிக் கணக்கைத் திறந்து பாருங்கள். இரண்டு மாதம் பணம் ஏறவில்லையென்றால், கையில் இருக்கும் பறந்த மணிக் குறிப்பேட்டுக்குக் கம்பெனி முத்திரையோடு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போடத் தொடங்கிவிடுங்கள்.