சைக்கிள் பாதை எவ்வளவு கடினம்? ஏற்றக் கணக்கு மட்டும் போதாது

லங்காவியில் நடைபெறும் அயர்ன்மேன் போட்டியில் கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், அடுத்து 180 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். இதே தூரத்தில் உலகின் பல இடங்களில் போட்டி நடக்கிறது. எதில் கலந்துகொள்ளலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் பார்ப்பது, சைக்கிள் பாதையில் மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்பதைத்தான். ஏற்றம் குறைவு என்றால் பாதை சுலபம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

இந்த முடிவு தவறினால் நஷ்டம் பெரிது. பெரும்பாலான அயர்ன்மேன் போட்டிகளில் நீச்சலையும் சைக்கிளையும் சுமார் 10 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். முடிக்காதவர்களை ஓட விடமாட்டார்கள். பல மாதப் பயிற்சியும் கட்டிய பணமும் அத்தோடு சரி.

ஏற்றத்தில் போன நேரத்தை இறக்கத்தில் பிடித்துவிடலாம் என்று பலர் நினைப்பதுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 கிலோமீட்டர் மேட்டை மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 16 நிமிடம் ஆகும். மறுபக்கம் 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்க 4 நிமிடம். 8 கிலோமீட்டருக்கு 20 நிமிடம். சமதரையில் மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதே தூரத்துக்கு 15 நிமிடமே போதும். ஒரே மேட்டில் 5 நிமிடம் நஷ்டம். இறக்கத்தில் வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு மிக அதிகமாகிவிடும். வளைவுகளில் பிரேக்கும் பிடிக்க வேண்டும். அதனால் இழந்த நேரம் முழுதாகத் திரும்பி வராது.

ஆகவே முதல் கணக்கு, மொத்த ஏற்றத்தைத் தூரத்தால் வகுப்பது. ஸ்பெயினின் லான்சரோட்டே தீவில் ஏற்றம் சுமார் 2,500 மீட்டர். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 14 மீட்டர். பிரான்சின் நீஸ் நகரில் சுமார் 2,400 மீட்டர், அதாவது 13. ஹவாயின் கோனாவில் ஏறக்குறைய 10 மட்டுமே. இந்தக் கணக்குப்படி மூன்றில் கோனாதான் சுலபம். ஆனால் எரிமலைக் குழம்பு இறுகிய கறுப்புப் பாறைகளின் நடுவே அடிக்கும் வெயிலும், ஹாவி என்ற ஊரை நெருங்கும்போது சைக்கிளைத் தள்ளும் பக்கக் காற்றும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

இரண்டாவது, ஏற்றத்தின் அமைப்பு. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர் ஏறுகிறோம். தூரம் அதிகம், சரிவு மிதம். ஒரே சீராக மிதிக்கலாம். கெந்திங் மலைச் சாலை அதைவிடக் குட்டையானது. ஆனால் சரிவு பல இடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டும். அங்கே கியரும் கால் பலமும் போதாவிட்டால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். நீஸ் பாதையில் நீண்ட மலை ஏற்றங்கள். லங்காவியில் குட்டை மேடுகள் அடுத்தடுத்து வரும். ஒவ்வொரு மேட்டிலும் எழுந்து நின்று வேகமாக மிதிக்கத் தோன்றும். அதன் விலையைக் கால்கள் பிறகு ஓட்டத்தில் கொடுக்கும்.

மூன்றாவது, வானிலை. பிரான்சின் எம்ப்ரன்மேன் போட்டி 2,360 மீட்டர் உயரமுள்ள இசோவார் கணவாயைக் கடக்கிறது. அங்கே காற்றில் பிராணவாயு குறைவு; மூச்சு வாங்கும். லங்காவியில் பிரச்சினை வேறு. சமதரையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர்விக்கும். மேட்டில் வேகம் 12 கிலோமீட்டருக்குக் குறைந்தால் அந்தக் காற்றும் இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை உலராமல் வழிந்தோடும்; உடல் சூடு ஏறும். அதனால் லங்காவியின் 100 மீட்டர் ஏற்றமும் குளிர்நாட்டின் 100 மீட்டர் ஏற்றமும் உடம்புக்கு ஒன்றல்ல.

பெயர் கொடுக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் ஏற்றம்? மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு எத்தனை விழுக்காடு? கடினமான மேடு பாதையின் தொடக்கத்திலா, 120 கிலோமீட்டருக்குப் பிறகா? அந்த நேரத்தில் வெயிலும் காற்றும் எப்படி?

விடைக்கு ஏற்பப் பயிற்சி செய்யுங்கள். கேமரன் மலைச் சாலை கால்களைப் பலப்படுத்தும். ஆனால் அங்குள்ள குளிர் லங்காவி வெயிலுக்கு உங்களைப் பழக்காது. மாதத்தில் சில நாள்களாவது, வீட்டுக்கு அருகில் உள்ள தோட்டச் சாலை மேட்டில் வெயிலேறிய பிறகு, தண்ணீரும் உப்புச் சத்தும் கையில் வைத்துக்கொண்டு, துணைக்கு ஒருவரோடு மிதித்துப் பழகுங்கள்.