மடலோடு ஒரு பரிசு

முதலாவது நத்தார் வாழ்த்து மடல் 1843ஆம் ஆண்டு இலண்டனில் அச்சாயிற்று. ஹென்றி கோல் என்பவருக்காக ஓவியர் ஜோன் ஹோர்ஸ்லி வரைந்த அம்மடலின் நடுவே ஒரு குடும்பத்தின் விருந்து. இரு ஓரங்களிலும் பசித்தோருக்கு உணவும் வறியோருக்கு உடையும் வழங்கும் காட்சிகள். இன்றைய மடல்களில் அந்த ஓரக்காட்சிகளைக் காண்பது அரிது. அவற்றை நம் கையாலேயே மீட்டெடுக்கலாம்.

தடித்த அட்டையொன்றை இரண்டாக மடியுங்கள். முகப்பில் பிள்ளைகள் மாட்டுக்குடிலை வரையட்டும். அதன் கீழே இரு சிறு துளைகளிட்டு, மெல்லிய நாடாவின் நுனிகளைப் பின்னிருந்து முன்னே எடுத்து, ஒரு சுரூபத்தையோ பத்துமணிச் செபமாலையையோ இழுத்தால் அவிழும் முடிச்சாகக் கட்டுங்கள். முழுச் செபமாலை கனத்தால் அட்டையை வளைத்துவிடும். பசை வேண்டவே வேண்டாம். ஒட்டியதைப் பிரித்தெடுக்கையில் மடல் கிழியும். பரிசு கைக்கு வரவேண்டும், வாழ்த்தும் முழுதாக எஞ்சவேண்டும்.

இம்மடலை யாருக்குக் கொடுப்பது? 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் உறவுகளை இழந்த குடும்பங்கள் நம்மிடையே வாழ்கின்றன. அவ்வீடுகளுக்கு, 'மகிழ்ச்சி பொங்கட்டும்' என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட மடலை நீட்ட மனம் கூசும். மறைந்தவரின் பெயரை எழுதி, அவருக்காகச் செபிக்கின்றோம் என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதும். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை அதிக தூரமன்று. தபாலில் சேர்க்காமல் நேரில் கொண்டு செல்லுங்கள். நாடாவை அவ்வீட்டுப் பிள்ளையே அவிழ்க்கட்டும்.