டம்ளர் கழுவும் அம்மாவுக்குப் பேப்பர் கப்

மாணவி ஒருவரின் சாதிச் சான்றிதழுக்காக அண்மையில் ஓர் அரசு அலுவலகத்தில் அரை நாள் காத்திருந்தோம். பதினொரு மணிக்குத் தேநீர் வந்தது. அலுவலர்கள் எல்லோரும் கண்ணாடி டம்ளரில் குடித்தார்கள். தூய்மைப் பணி செய்யும் அம்மா மட்டும் மாடிப்படிக்குக் கீழே நின்று பேப்பர் கப்பில் குடித்தார். குடித்து முடித்ததும் மேசை மேசையாகப் போய் டம்ளர்களை எடுத்துவந்து கழுவிக் கவிழ்த்தார்.

"உங்களுக்கு டம்ளர் கிடையாதாம்மா?" என்று கேட்டோம்.

"எல்லா டம்ளரையும் கழுவுறது நான்தான் தம்பி. குடிக்க மட்டும் பேப்பர் கப்பு. யாரும் வாய் திறந்து சொல்லல. சேர்ந்த அன்னிக்கு அதுலதான் குடுத்தாங்க, அப்படியே பழகிருச்சு."

இரட்டைக் குவளையை நாம் தேநீர்க் கடைகளில் தேடித் தேடி எதிர்த்திருக்கிறோம். அது அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்திருப்பதைக் கவனித்தோமா? சுகாதாரத்துக்காகத்தான் பேப்பர் கப் என்றால் எல்லோருக்கும் அதுவே இருக்கட்டும். ஒருவருக்கு மட்டும் என்றால் அதன் பெயர் வேறு. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு ஒழித்ததாகச் சொல்லும் அந்தப் பெயர்தான்.

அந்த அம்மா மதியச் சாப்பாட்டை எடுப்பதும் அதே மாடிப்படிக்குக் கீழேதான். பக்கத்தில் துடைப்பமும் பினாயில் கேனும் இருக்கின்றன. அலுவலர்களின் கழிப்பறையை நாள்தோறும் இரண்டு முறை கழுவுகிறார். கழுவி முடித்ததும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தன் அவசரத்துக்குப் பொதுக் கழிப்பறையைத் தேடிப் போகிறார்.

'துப்புரவு' என்ற சொல்லை 2020-இல் தமிழக அரசு 'தூய்மை' என்று மாற்றியது. தனியார் நிறுவனங்கள் 'ஹவுஸ்கீப்பிங்' என்கின்றன. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் வாளியைத் தூக்கும் கை பெரும்பாலும் அதே சேரியிலிருந்துதான் வருகிறது. சாதியை வெறும் வேலைப் பிரிவினை என்று நியாயப்படுத்தியவர்களுக்கு அம்பேத்கர் 1936-லேயே பதில் சொல்லிவிட்டார். இன்றைய ஒப்பந்த முறை அந்தப் பிரிவினையை டெண்டர் வழியாகத் தொடர்கிறது.

அலுவலகம், கல்லூரி, விடுதி, மருத்துவமனை என எந்தப் பொது இடத்திலும் அழுக்கைச் செய்பவர்கள் நாம் எல்லோரும்தான். குடித்த டம்ளரை நாமே கழுவி வைக்கலாம். சாப்பிட்ட மிச்சத்தைக் கைகழுவும் தொட்டியில் கொட்டாமல் இருக்கலாம். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வரலாம். இதற்கெல்லாம் அரசாணை தேவையில்லை. "அதுக்குத்தான் ஆள் இருக்கே" என்று சொல்லும்போது, அந்த 'ஆள்' யார் என்று விடுதி மாணவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அவர் உங்கள் தெருவின் அத்தையாகவும் இருக்கலாம்.

நல்ல மனம் மட்டும் போதாது, பாதுகாப்பும் வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டம் இல்லாத கழிப்பறையில் அது மூச்சை அடைக்கும். 'ரெண்டையும் சேர்த்துப் போட்டா நல்லா வெளுக்கும்' என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதைத் தடுத்து, கையுறையும் காலணியும் வாங்கிக் கொடுப்பது வேலை வாங்குபவரின் கடமை. அவரவர் காசில் வாங்கிக்கொள்ளச் சொல்வது அநியாயம்.

அடுத்தது கூலி. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. "அது ஏஜென்சி விஷயம்" என்று அலுவலகம் கைகழுவ முடியாது. கூலியில் வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதமும் இஎஸ்ஐ-க்கு 0.75 சதவீதமும் பிடித்தால், அந்தப் பணம் உரிய கணக்கில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். பிஎஃப் கணக்கை அலைபேசியிலேயே பார்க்கலாம். படித்த பிள்ளைகள் தங்கள் தெருவில் இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துச் சொன்னால் அது பெரிய உதவி.

கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. துணிக்கடைக்குப் பொருந்தும் நியாயம் அரசு அலுவலகத்தின் மாடிப்படிக்குக் கீழே பொருந்தாதா?

சான்றிதழ் வாங்க மறுபடியும் போனபோது, பேப்பர் கப் பற்றி அங்கிருந்த அலுவலர் ஒருவரிடம் பேசினோம். "நாங்க அப்படி நெனச்சே பார்க்கல சார்" என்றார். அவர் பொய் சொன்னதாக நாங்கள் நினைக்கவில்லை. நினைத்துப் பார்க்க வேண்டிய தேவையே அவருக்கு இதுவரை வந்ததில்லை. எழுந்துபோய், கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களில் ஒன்றை எடுத்துத் தேநீர் ஊற்றி அந்த அம்மாவிடம் கொடுத்தார். அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

நின்றுகொண்டேதான் குடித்தார். நாற்காலி கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.